கபமத

போன மாதம் பீடோங்கிலிருந்து சித்தி மகள் அழைத்தாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சொல் விளையாட்டை நிரலாக்கிக்கொண்டிருக்கிறாள். விஎஸ் கோட்டில் விம் செருகுநிரலைப் போட்டுக்கொள்ளச் சொன்னதே நான்தான்.

"அண்ணே, தமிழ்ல ஒரு சொல்ல அடிச்சிட்டு எஸ்கேப் தட்டினா கர்சர் நகர மாட்டேங்குது. தமிழ்தான் பிரச்சின போல. சொல்லையெல்லாம் ரோமன்லயே வச்சிடவா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே சனிக்கிழமை கூலிமிலிருந்து வண்டியை எடுத்தேன்.

விம்முக்கு இரண்டு நிலைகள். ஒன்றில் விசைகள் எழுத்துகள், மற்றொன்றில் கட்டளைகள். எஸ்கேப்பைத் தட்டினால் கட்டளை நிலை. அங்கே எச், ஜே, கே, எல் நான்கும் இடம், கீழ், மேல், வலம் என்று கர்சரை நகர்த்தும். அவளிடம் ஒன்றும் நகரவில்லை. ஆனால் கண்ட்ரோல் எஸ் மட்டும் ஒழுங்காகச் சேமித்தது. இதுதான் எனக்கு முதல் துப்பு.

விஎஸ் கோட்டில் குறுக்குவிசைகளைச் சோதிக்கவே ஒரு கட்டளை உண்டு. கட்டளைப் பலகையில் 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் டிரபிள்ஷூட்டிங்' என்று தேடி இயக்கினால், நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் அது பதிவு செய்யும். ஜே விசையைத் தட்டச் சொன்னேன். பதிவில் இரண்டு விவரங்கள் வந்தன. விசை இருக்கும் இடம்: ஜே. விசை தரும் எழுத்து: ப. கண்ட்ரோலோடு சேர்த்துத் தட்டியதை எடிட்டரே எடுத்துக்கொண்டு, விசையைச் சரியாக அடையாளம் கண்டது. தனியாகத் தட்டிய விசையோ 'ப' என்ற எழுத்தாகவே செருகுநிரலுக்குப் போனது. 'ப' என்றொரு கட்டளை விம்மில் கிடையாது. அதனால் அது சும்மா இருந்துவிட்டது.

ஆக, கேள்வி இதுதான். விசை என்பது ஓர் இடமா, ஓர் எழுத்தா?

எச், ஜே, கே, எல் கதையிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. விம்முக்கு மூதாதை விஐ. 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். ஏன் அந்த நான்கு? ஆஸ்கி குறியீட்டில் 8ஆம் எண் ஓர் இடம் பின்னால் போகச் சொல்லும். 10ஆம் எண் அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும். எச் ஆங்கிலத்தின் 8ஆவது எழுத்து, ஜே 10ஆவது. எழுத்தாகத் தொடங்கிய ஒன்று பயனர்களின் விரல்களில் இடமாகப் பழகிவிட்டது. ஒரே எழுத்துமுறையில் வேலை செய்தவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கத் தேவையே வரவில்லை.

நம்மவர்களுக்கு ஆரம்பத்திலேயே வந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா 1907இல் மலாயாவுக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். கெடாத் தோட்ட அலுவலகங்களில் கிராணிகளாக உட்கார்ந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் இதே போலக் கடல் தாண்டி வந்தவர்கள்தான். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் முத்தையா. 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் வைக்க முடியாது. எழுத்தைப் பிரித்தால், புள்ளியும் விசிறியும் தனி விசைகளாகின்றன. ஆனால் ஒரு விசையைத் தட்டியதும் பொறி ஓர் இடம் நகர்ந்துவிடும். புள்ளி எழுத்தின் தலையில் விழாமல் பக்கத்தில் விழும். அதற்கு அவர் வைத்த வழி நகரா விசை: தட்டினால் குறி பதியும், தாள் நகராது. எழுத்து வேறு, நகர்வு வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார்.

கணினிக் காலத்தில் அதே கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் ஒலியை வைத்து அடிக்கலாம்: கே விசை 'க்' தரும். ஆங்கில எழுத்தைத் தெரிந்தவருக்கு அது உடனே கைவரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 அமைப்போ இடத்தை வைத்து யோசித்தது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதிகம் வரும் மெய்கள் விரல்கள் ஓய்வெடுக்கும் நடுவரிசையில். அந்த வரிசையில் எச், ஜே, கே, எல் விசைகளில் வருபவை க, ப, ம, த.

சித்தி மகள் பயன்படுத்துவது தமிழ்99. கர்சரை நகர்த்த அவள் அடித்ததெல்லாம் கபமத, கபமத என்றுதான் போயிருக்கிறது. சொன்னதும் சிரித்துவிட்டாள். அஞ்சல் வைத்திருந்தாலும் இதே கதைதான், எழுத்து மட்டும் வேறு.

தீர்வு பெரிய வேலையில்லை. அசல் விம்மில் 'லாங்மேப்' என்ற அமைப்பு உண்டு. கட்டளை நிலையில் 'ப' வந்தால் ஜே என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ரஷ்ய மொழியில் எழுதுபவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் சமாளிக்கிறார்கள். விஎஸ் கோட்டின் செருகுநிரலில் 'ஆட்டோஸ்விட்ச் இன்புட் மெத்தட்' என்ற அமைப்பைத் திறந்துவிட்டு, விசைப்பலகையை மாற்றும் ஒரு சின்ன நிரலை இணைத்தோம். ஐஎம்-செலக்ட் என்று பெயர். எஸ்கேப் தட்டினால் ஆங்கிலம் வரும்; எழுதும் நிலைக்குத் திரும்பினால் விட்ட இடத்தில் தமிழ் வரும். விண்டோஸில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு எண் 1033. அந்த எண்ணை அமைப்பில் எழுதினோம். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த அமைப்பு தமிழருக்காக எழுதப்பட்டதல்ல. ஆங்கிலமல்லாத மொழியில் எழுதும் யாரோ முறையிட்டு, யாரோ உட்கார்ந்து செய்தது. அவர்களும் "எங்கள் மொழிதான் பிரச்சின" என்று ஒதுங்கியிருந்தால் இன்று எங்களுக்கு இந்த வழி கிடைத்திருக்காது. ஒரு விசை வேலை செய்யாதபோது தமிழை அணைத்துவிடுவது நமக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. பிழை எங்கே என்று பதிவைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

நான் கிளம்பும்போது அவள் பட்டியலில் 40ஆவது சொல்லை அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தமிழில்.