தாரைப் படகின் உந்துவிசை இழப்பு

தாரைப் படகு (ஜெட் படகு) என்பது அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சி, அதன் எதிர்விசையால் செல்லும் படகு ஆகும். நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காகப் பில் ஹாமில்டன் 1950களில் இதன் நவீன வடிவத்தை உருவாக்கினார். இதற்குச் சுக்கான் இல்லை. பீய்ச்சும் தாரையைத் திருப்பியே படகு திருப்பப்படுகிறது. எனவே விரைநீரோட்டத்தில் உந்துவிசை குன்றினால் திசைக் கட்டுப்பாடும் போய்விடும்.

பழுதறியச் சுழற்சிமானியே சிறந்த வழிகாட்டி. அதைப் பாராமல் எந்திரத்தைப் பிரிப்பது பெரும்பாலும் வீண்வேலை. நீரெக்கி ஈர்க்கும் திறன் படகின் வேகத்தைவிடச் சுழற்சி வேகத்தையே, ஏறக்குறைய அதன் மும்மடிக்கு ஏற்ப, சார்ந்தது. ஆகவே முடுக்கியை முழுதும் திறந்தும் சுற்றுகள் வழக்கமான அளவை எட்டாவிடில் பொதுவாக எந்திரத்திலேயே குறை உள்ளது: எரிபொருள் வடிகட்டி அடைப்பு, பழுதான தீப்பொறிச் செருகி, உருளையில் அமுக்கக் குறைவு போன்றவை.

மாறாக, சுற்றுகள் மிகுந்தும் படகு விரையாவிடில் குறை எக்கியில் உள்ளது. உள்ளிழுவாயின் கம்பித்தட்டியில் நீர்க்களை சிக்கியிருக்கலாம். நீருடன் காற்றும் புகலாம். சரளை ஆறுகளில் மணலும் கூழாங்கற்களும் எக்கியின் சுழலியையும் அதைச் சூழ்ந்த வளையத்தையும் தேய்க்கின்றன. இடைவெளி கூடக்கூட நீர் பின்னோக்கிக் கசிகிறது; இத்தேய்வு மெல்ல நிகழ்வதால் ஓட்டுநர் எளிதில் உணர்வதில்லை. எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே உள்ளிழுவாயில் கையிட வேண்டும்.