பின்களத்தில் ஓர் இடம்: பஷார் ஹூலியும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டமும்

பொத்துவிலுக்குத் தெற்கே, உல்லைக் கிராமத்தை அணைத்துக் கிடக்கும் குடாவே அறுகம்பே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதன் முனையில் எழும் அலைகளை நாடி அவுஸ்திரேலியர் பல தசாப்தங்களாக வந்து செல்கின்றனர். அலைச்சறுக்குப் பலகையோடு வரும் அவர்களைப் பொத்துவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர மக்கள் நன்கறிவர். ஆயினும், ஏறத்தாழ அதே மாதங்களில் அவர்களது சொந்த நகரங்களைப் பித்துக்கொள்ளச் செய்யும் ஆட்டமொன்று உண்டென்பது இக்கரையில் பரவலாக அறியப்பட்ட செய்தியன்று. மெல்பேர்ண் நகரில் பிறந்து, அந்நகரத்தின் பெருமையாகவே வளர்ந்த அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டமே அது.

அவ்வாட்டத்தின் வரலாற்றில் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களுக்கு அயலாகத் தோன்றாத அத்தியாயம் ஒன்றுண்டு. மஃரிப் பாங்கு கேட்டதும் பந்தை ஒதுக்கிவிட்டுப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் இளைஞர்கள் இக்கரையோர மைதானங்களில் என்றும் உளர். ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள நேர்ந்தால் அந்தப் பழக்கம் என்னவாகும்? இவ்வினாவைத் தன் வாழ்க்கையிலேயே சந்தித்தவர் பஷார் ஹூலி. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1988 இல் மெல்பேர்ணில் பிறந்தவர். அந்நாட்டின் முதன்மைப் போட்டித் தொடரில் ஆடிய, மார்க்கக் கடமைகளை வெளிப்படையாகப் பேணிய முதலாவது முஸ்லிம் என்று குறிப்பிடப்படுபவர். அவர் பின்கள வீரர் என்பது தற்செயலான செய்தியெனினும், அவரது வரலாற்றை விளங்கிக்கொள்ள அது பெரிதும் துணைபுரிகின்றது.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1858 ஆம் ஆண்டு யூலையில் தொம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடலுறுதி குன்றாதிருக்க ஓர் உதைபந்தாட்டக் கழகம் தேவையெனப் பத்திரிகைக்கு மடல் எழுதினார். மறுவருடம் மே மாதத்தில் மெல்பேர்ண் கழகத்தார் முதல் விதிகளை வகுத்தனர். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குரிய விதிகள் இலண்டனில் எழுதப்பட்டது 1863 இல் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வாட்டத்தின் தொன்மை புலனாகும். மைதானம் நீள்வட்டமானது. பக்கத்துக்குப் 18 பேர் ஆடுவர். பந்தும் முட்டை வடிவினது. அதனை உதைக்கலாம், கைமுட்டியாற் குத்தி அனுப்பலாம், எறிதல் மட்டும் ஆகாது. நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி. வெளிக்கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. 15 மீற்றருக்குக் குறையாது உதைக்கப்பட்ட பந்தை நிலத்தில் விழுமுன் பற்றியவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். ஒருவர் முதுகின்மேல் மற்றொருவர் ஏறிப் பந்தைப் பற்றுவதும் ஆட்டத்தின் அழகாகவே கொள்ளப்படுகின்றது. முன்னே நிற்போரைக் கட்டுப்படுத்தும் 'ஓஃப் சைட்' விதி இதில் இல்லாமையால், பின்கள வீரரின் பொறுப்பு கடினமானது. எதிரி எங்கும் நிற்கலாம். காவலும் அங்கெல்லாம் போகவேண்டும்.

முழுப் பின்காவலர் எதிரியின் கோலடிப்பவரை ஒட்டி நிற்பவர். அவருக்கு முன்னே, அரைப் பின்களத்தின் பக்கவாட்டில் நிற்பவருக்கோ இரட்டைத் தொழில். எதிரியைத் தடுக்க வேண்டும். கிடைத்த பந்தைக் கொண்டு தம் அணியின் தாக்குதலையும் தொடங்கிவைக்க வேண்டும். அவர் செய்யும் நூறு நல்ல செயல்கள் புள்ளிப் பலகையில் ஏறுவதில்லை. ஒரு பிழை உடனே 6 புள்ளியாக ஏறிவிடும். ஆகவே, இளம் முன்கள வீரரைத் துணிந்து களமிறக்கும் பயிற்றுநர்கள் இளம் பின்கள வீரர் விடயத்தில் தயங்குவர். திறமை ஓராண்டிலே தெரிந்துவிடும். நம்பிக்கையைச் சம்பாதிக்கவோ பல ஆண்டுகள் செல்லும்.

இவ்வாட்டத்துள் புதுக் குடியேறிகள் எவ்வாறு புகுந்தனர் என்பதும் நோக்கற்பாலது. இரண்டாம் உலகப் போரின்பின் வந்த இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர் ஆகியோர் பெரும்பாலும் தாம் கொண்டுவந்த உதைபந்தாட்டத்தையே ஆடினர். மண்ணின் மைந்தர்கள் அதனை அந்நியர் ஆட்டமென ஒதுக்கினர். எனவே குடியேறியோரின் பிள்ளைகள் நீள்வட்ட மைதானத்துக்குள் இறங்குவது, இந்நாட்டினராக ஏற்றுக்கொள்ளப்படுவதன் அடையாளமாயிற்று. சால்ஸ்பேர்க்கில் பிறந்த அலெக்ஸ் யெசலெங்கோ கார்ல்டன் கழகத்தின் நாயகரானார். இத்தாலிய வழிவந்த ஸ்டீபன் சில்வாக்னி 1996 இல் அறிவிக்கப்பட்ட நூற்றாண்டு அணியில் முழுப் பின்காவலராகத் தெரிவுசெய்யப்பட்டார். பூர்வீகக் குடியினருக்கோ இப்பாதை இவ்வளவு இலகுவாக அமையவில்லை. நிறத்தைச் சுட்டிய வசைகளை அவர்கள் களத்திலும் பார்வையாளரிடமிருந்தும் நெடுங்காலம் கேட்டனர். 1993 இல் நிக்கி வின்மர் தம் சட்டையை உயர்த்தித் தம் தோலைச் சுட்டிக்காட்டினார். 1995 இல் எஸெண்டன் கழக வீரர் மைக்கல் லோங் முறைப்பாடு செய்தார். அவ்வாண்டிலேயே இன, சமய இழிவுரைக்கு எதிரான விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியில் சமயம் என்ற சொல்லும் இடம்பெற்றமை கவனத்துக்குரியது. அதன் பயனைப் பின்னர் நுகர வேண்டிய இளைஞர் அப்போது ஏழு வயதுச் சிறுவராக மெல்பேர்ணில் வளர்ந்துகொண்டிருந்தார்.

அங்கு கழகத்தை வீரர் தெரிவுசெய்வதில்லை; கழகமே வீரரைத் தெரிவுசெய்கின்றது. 1986 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் தெரிவில், தரவரிசையின் தலைகீழ் ஒழுங்கில் கழகங்கள் ஒவ்வொருவராக இளைஞர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். 2006 ஆம் ஆண்டுத் தெரிவில் எஸெண்டன் கழகம் ஹூலியை 42 ஆவதாக எடுத்தது. தம்மைவிட நம்பத்தக்கோர் 41 பேர் எனக் கருதப்பட்ட நிலையிலேயே அவர் தொழிற்றுறையுள் நுழைந்தார். 2007 இல் முதல் ஆட்டம். அவ்வாண்டு கெவின் ஷீடி என்ற மூத்த பயிற்றுநர் அக்கழகத்தில் பணியாற்றிய இறுதி ஆண்டுமாகும். அதன்பின் வந்த மாற்றங்களில் புதியவர்கள் பலர் இடம்பெயர்ந்தனர். ஹூலியும் களத்துக்கும் இரண்டாம் நிலை அணிக்குமிடையே அலைந்தார். நான்கு பருவகாலங்களில் அவர் ஆடியவை 26 ஆட்டங்கள் மாத்திரமே. அக்காலத்தில் ஒரு பருவகாலத்துக்கு 22 வாரங்கள் இருந்தன என்பதை நோக்கினால் இத்தொகையின் சிறுமை விளங்கும். இவ்வளவில் நின்றிருந்தால், வரலாறு அவரை ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருக்கும். இத்தகைய அடிக்குறிப்புகளால் அவ்வாட்டத்தின் பெயர்ப்பட்டியல் நிறைந்திருக்கின்றது.

2010 இன் இறுதியில் அவர் எஸெண்டனை நீங்கி, பருவமுன் தெரிவு எனப்படும் இரண்டாவது வாயிலினூடாக றிச்மண்ட் கழகத்தைச் சேர்ந்தார். றிச்மண்டின் நிலைமை அப்போது பெருமைப்படத்தக்கதாயிருக்கவில்லை. 1908 இல் முதற்பிரிவில் இணைந்த அக்கழகம் 1980 க்குப் பின் கிண்ணம் எதனையும் வென்றிருக்கவில்லை. வீழ்ந்த கழகத்தில் வெற்றிடங்கள் மிகுதி. வெற்றிடமுள்ள இடத்தில் நிலைபெறுவது எளிது என்று சொல்வோர் உளர். அது அரை உண்மை. வெற்றிடத்தை நிரப்பத் தகுந்த தொழிலொன்றைத் தாம் செய்யவல்லவர் என்று காட்டியாக வேண்டும். ஹூலியிடம் அத்தகைய தொழில் இருந்தது. இடக்காலால் நீண்ட தூரம், குறிதவறாது உதைக்கும் ஆற்றலும், பந்தைப் பற்றியவுடன் தயங்காது முன்னோடும் துணிவும் அரைப் பின்களத்துக்கென்றே அமைந்தவை. பயிற்றுநர் டேமியன் ஹார்ட்விக் அவரை அங்கேயே நிலைநிறுத்தினார்.

களத்துக்கு வெளியேதான் மற்றப் போராட்டம். ஆட்டத்துக்குப்பின் மது அருந்திக் கொண்டாடுவது அத்தொழிலின் வழக்கங்களுள் ஒன்று. ஹூலி மது அருந்தாதவர். ஐவேளைத் தொழுகைக்குப் பயிற்சி நேரத்திடையே இடம் வேண்டும். கழகம் அதற்கு வசதி செய்தது. மெல்பேர்ண் விளையாட்டரங்குகளில் எல்லாச் சமயத்தாருக்குமான தொழுகை அறைகள் 2010களில் தோன்றின. இவை தேவையோ என்று வாதிட்டோரும் இருந்தனர். பார்வையாளருக்காகவே இவ்வறைகள் என்பது அவ்வாதத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டது. தொழுகைக்கு இடமில்லாத அரங்குக்கு ஒரு குடும்பம் பிள்ளைகளுடன் ஒருநாள் முழுவதும் வருவது கடினம் அன்றோ!

நோன்பைப் பற்றிச் சிறப்பாகக் கூறவேண்டும். றமழான் ஒவ்வோராண்டும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்வது யாவருமறிந்ததே. 2007 இல் செப்டெம்பரில் வந்த நோன்பு, 2011 இல் ஓகஸ்ட் முதலாந் திகதியளவில் தொடங்கியது. 2015 இல் யூன் 18 அளவில் வந்தது. எனவே ஹூலியின் தொழில் வாழ்வின் பெரும்பகுதியில் நோன்பு ஆட்டப் பருவகாலத்தின் நடுவிலேயே விழுந்தது. இதனை முழுத் துன்பமாகக் கருதுவதற்கில்லை. தென்னரைக் கோளத்தில் யூன் மாதம் குளிர்காலம். மெல்பேர்ணில் அப்போது பகற்பொழுது ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலமே. கல்முனையிலோ அதே மாதத்தில் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்டது, வெயிலும் கடுமையானது. ஆயினும் ஓராட்டத்தில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டிய ஒருவருக்கு நீரின்றிக் கழியும் அப்பகற்பொழுதும் சிறிதன்று.

காலப்போக்கில் ஹூலி அவ்வாட்டத்தின் பல்பண்பாட்டுத் தூதுவரானார். அவர் பெயரால் இஸ்லாமியப் பாடசாலைகளுக்கிடையே கிண்ணப் போட்டி நடத்தப்பட்டது. இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பும் உருவாயிற்று. இப்பணிகளின் பெறுமதி பெரிது. எனினும் அவற்றோடு ஒரு சுமையும் வந்தது. தம் சமூகத்தின் நன்னடத்தைக்கு நடமாடும் சான்றாக ஒருவரை நிறுத்தும்போது, அவருக்குச் சாதாரண மனிதராயிருக்கும் உரிமை குறைந்துவிடுகின்றது. 2017 யூனில் நடந்த நிகழ்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டிற்று.

கார்ல்டன் கழகத்துக்கெதிரான ஆட்டத்தில், தம்மைப் பற்றி இழுத்த ஜெட் லாம்ப் என்ற வீரரை உதறும்போது ஹூலியின் கை அவர் முகத்தில் பட்டது. லாம்ப் நினைவிழந்து வீழ்ந்தார். தீர்ப்பாயத்தில் ஹூலியின் நற்குணத்துக்குச் சான்றாக எழுத்தாளர் வலீத் அலி கூறியதும், பிரதமர் மல்கம் டேர்ன்புல் முன்னர் புகழ்ந்துரைத்ததும் எடுத்துக்காட்டப்பட்டன. இரண்டு ஆட்டத் தடை மட்டும் விதிக்கப்பட்டது. இது மிகக் குறைவென நிருவாகமே மேன்முறையீடு செய்ய, தடை நான்கு ஆட்டங்களாக உயர்ந்தது. மேன்முறையீட்டுச் சபையின் முடிவு சரியானதே. அடிபட்டவரின் தலைக்கு, அடித்தவர் எத்தகைய நல்லவர் என்பது பொருட்டன்று. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: நாட்டுப் பிரதமரின் சொல்லை ஒரு பின்கள வீரருக்காக எடுத்துக்காட்டும் நிலை எவ்வாறு ஏற்பட்டது? வேறெந்தப் பின்கள வீரர் கையோங்கியிருந்தாலும் அது வெறும் ஆட்டக் குற்றமாகவே பேசப்பட்டிருக்கும். இங்கோ ஒரு சமூகத்தின் பெயரே வழக்கிற் கலந்துகொண்டது. நான்கு ஆட்டத் தடையே அவரை மற்ற வீரரோடு சமமாக நிறுத்திற்று எனலாம்.

தடை முடிந்து திரும்பிய அவர், அதே ஆண்டு செப்டெம்பர் 30 இல் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில், ஓர் இலட்சம் மக்கள் முன்னிலையில், இறுதியாட்டத்தில் இறங்கினார். றிச்மண்ட் 108 புள்ளிகளும் அடிலெய்ட் 60 புள்ளிகளும் பெற்றன. முப்பத்தேழாண்டு வறட்சி தீர்ந்தது. 2019 இல் மேற்கு சிட்னிக் கழகத்தை 89 புள்ளிகளால் வீழ்த்தி மீண்டும் கிண்ணம் வந்தது. அவ்வாண்டே நாடு முழுவதற்குமான சிறந்த அணியிலும் ஹூலி முதன்முறையாக இடம்பெற்றார்; அப்போது அவருக்கு வயது 31. 42 ஆவதாகத் தெரிவுசெய்யப்பட்ட இளைஞர் அவ்விடத்தை அடைய ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. நோய்த்தொற்றுக் காலமான 2020 இல் இறுதியாட்டம் முதன்முறையாக விக்டோரிய மாநிலத்தை விட்டுப் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்றது. அங்கும் ஜீலோங்கை வென்று மூன்றாவது கிண்ணத்தை அவர் பெற்றார்.

2021 ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் றிச்மண்ட் பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அவ்வாண்டுடன் ஹூலி ஆட்டத்திலிருந்து விலகினார். றிச்மண்டுக்காக 206, எஸெண்டனுக்காக 26 என மொத்தம் 232 ஆட்டங்கள் அவர் பெயரிற் பதிவாயின.