தண்ணி என்ன வேண்டும்?



சில ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலியிலிருந்து என் உறவினர் ஒருவர் பினாங்குக்கு வந்திருந்தார். ஜோர்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடைக்கு அவரை அழைத்துப் போனேன். சோற்றை வாங்கிக்கொண்டு மேசையில் அமர்ந்ததும் கடைத் தம்பி ஒருவர் வந்து, மிக மரியாதையாக, "அண்ணே, தண்ணி என்ன?" என்று கேட்டார். உறவினர் திடுக்கிட்டுப் போனார். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். அவருடைய ஊரில் இப்படியொரு கேள்வியில் 'தண்ணி' என்றால் அதற்குப் பொருள் ஒன்றுதான். "முஸ்லிம் அன்பர்கள் நடத்தும் கடையிலேயேவா?" என்று என் காதருகே குனிந்து கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு சார்சி கொண்டுவரச் சொன்னேன். போத்தலைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "ஓகோ, கலரா! அப்படிச் சொல்லக்கூடாதா?" என்றார்.

வெளியே வந்ததும் அவர் சொன்ன வார்த்தைதான் என்னை உறுத்தியது. "இங்கே வந்து நம் தமிழ் கெட்டுப்போயிற்றே, தம்பி" என்றார். அவர் மட்டுமா அப்படிச் சொல்கிறார்? நம் பிள்ளைகளில் பலரும் திரைப்படத்தில் கேட்பதே சரியான தமிழ், வீட்டில் பேசுவது பிழைத்தமிழ் என்று எண்ணிக் கூசுகிறார்கள். அது பிழைதானா என்பதை ஒரு போத்தல் பானத்தை வைத்தே இன்று பார்ப்போம்.

இந்தப் பானம் பிறந்த கதை சிறியது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் 1767-ல் ஒரு மதுவடிசாலையின் பக்கத்தில் குடியிருந்தார். அங்கே நுரைத்துப் பொங்கும் தொட்டிகளின் மேல் தேங்கிநின்ற வாயுவை அவர் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். நாக்கில் சுறுசுறுவென்று ஏறும் நீர் கிடைத்தது. ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் 1783-ல் அதைத் தொழிலாக்கினார். தொடக்கத்தில் இத்தகைய நீரில் சோடா உப்பையும் சேர்ப்பதுண்டு. உப்புப் போனபின்னும் 'சோடா' என்ற பேர் மட்டும் தங்கிவிட்டது.

பொருள் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வோர் ஊராரும் அதன் வெவ்வேறு குணத்தைப் பிடித்துப் பேர் வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார் எந்தப் பானத்தையும் 'ஜிஞ்சர்', அதாவது இஞ்சி, என்றே சொல்லி வந்தார்கள். ஆரஞ்சுப் பானமும் அவர்களுக்கு இஞ்சிதான்! அமெரிக்காவில் ஒரு பக்கம் 'சோடா', இன்னொரு பக்கம் 'பாப்', தெற்கே போனால் எல்லாமே 'கோக்'. ஹாங்காங்கில் முன்னாளில் 'ஹாலந்துத் தண்ணீர்' என்றார்கள். ஜப்பானியர் 'லெமனேட்' என்ற சொல்லை 'ராமுனே' ஆக்கிக்கொண்டார்கள்.

நம் தமிழர்கள் மட்டும் ஒரே பேரோடு நின்றுவிட்டார்களா? இல்லை. தமிழ்நாட்டில் கண் முந்திக்கொண்டது. வாயு மட்டும் ஏற்றிய வெறும் நீர் சோடா. நிறமும் இனிப்பும் சேர்ந்துவிட்டால் அது 'கலர்'. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தோம் என்றால், உபசாரத்தில் குறைவைக்கவில்லை என்று பொருள். பூட்டிய விதமும் பேராயிற்று. ஹைரம் கோட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் ஒரு புட்டியை வடிவமைத்தார். அதன் கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு ஒன்று கிடக்கும். உள்ளிருக்கும் வாயுவே அதை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் 'டப்' என்ற ஒலியோடு குண்டு கீழே இறங்கும். சிறுவர்கள் ஆடும் கோலியைப் போல இருந்ததால் அது கோலி சோடா. கண்டுபிடித்தவருடைய பேர் யாருக்கும் நினைவில்லை. கோலி நினைவில் நின்றது. மலாய்ச் சிறுவர்கள் அதே விளையாட்டுக் குண்டை 'குலி' என்கிறார்கள். கோலிக்கும் குலிக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு உள்ளூர்ப் பேர்கள் எழுந்தன. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ இன்றும் தென்மாவட்டங்களில் ஒரு பாசத்தோடு சொல்லப்படும் பேர். கொக்கோ கோலா 1977-ல் இந்தியாவை விட்டு வெளியேறி 1993-ல்தான் திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பதினாறு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கலர் என்றால் உள்நாட்டுக் கலர்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே இனிப்புப் பானத்துக்கும் 'சோடா' என்பதே பொதுப்பேர். கொழும்பிலிருந்து வரும் யானைச் சின்னத்து நிறுவனத்தின் நெக்டோவும் கிரீம் சோடாவும் எல்லாம் சோடாதான். ஆனால் அதை அடைத்துவைக்கும் பாத்திரத்துக்கு அவர்கள் சொல்லும் பேரைக் கவனியுங்கள்: போத்தல். தமிழ்நாட்டில் பாட்டில், புட்டி, பாரசீகத்திலிருந்து வந்த சீசா. ஈழத்திலும் மலேசியாவிலும் போத்தல். மலாயில் 'போத்தோல்'. போர்த்துகீசியரின் 'பொத்தெல்யா' என்ற சொல்லோடு இதை ஒட்டிப் பாருங்கள். மலாக்காவும் கொழும்பும் ஐரோப்பியக் கப்பல்களைக் கண்ட துறைமுகங்கள். சொல் ஏறிவந்த கப்பல் தெரிகிறது அல்லவா? 'போத்தல்' என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தி 'பாட்டில்' என்று சொல்லவைப்பவர், ஒரு கடன்சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு கடன்சொல்லை வைக்கிறார், அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் அச்சுத்தொழில் நடத்திவந்த பிரேசர், நீவ் என்ற இருவர் 1883-ல் வாயு நீர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அச்சுக்கூடத்திலிருந்து பானத்துக்கு வந்தது விந்தைதான். அந்த நிறுவனத்தின் ஆரஞ்சும் ஐஸ்கிரீம் சோடாவும் சார்சியும் இல்லாத தீபாவளி எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்? இங்கே பொதுப்பேரைவிடச் சுவையின் பேரே வாயில் முதலில் வரும். சார்சி என்பது சார்சபரில்லாவின் குறுக்கம். அமெரிக்கக் கொடி ஒன்றின் பேர். நம் நன்னாரியைக் கண்ட ஆங்கிலேயர் அதை 'இந்தியச் சார்சபரில்லா' என்றார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். மணமும் மருந்துப்பேரும் சேர்த்துவைத்த உறவு. இன்னொன்று: உறவினர் ஊரில் சர்பத், இங்கே ரோஜா நிறத்துச் சிராப். இரண்டுக்கும் மூலம், குடித்தல் என்னும் பொருள்தரும் ஒரே அரபு வேர். ஒன்று பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்தது. மற்றது ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு மலாய்க்கு வந்தது.

அதற்குமேல் பொதுப்பேர் வேண்டுமென்றால் மலாய்க்காரர் 'ஆயர் காஸ்' என்பர். ஹொக்கியன் சீனர் 'கி சுய்' என்பர். இரண்டும் வாயுத் தண்ணீர் என்றே பொருள்படும். நம்மவர் 'கேஸ் தண்ணி' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே அங்காடித் தெருவில் மூன்று இனத்தார் நெடுங்காலம் பேசிப் பழகியதன் தடம் இது. ஆயர் என்பது நமக்குப் புதிய சொல்லா? ஆயர் ஈத்தாம் என்ற ஊர்ப்பேரில் தினமும் சொல்கிறோமே! கொடுத்ததும் உண்டு: அந்தப் பானம் குளிரும் பெட்டியை மலாயில் 'பெத்தி செஜுக்' என்கிறார்கள். அந்தப் 'பெத்தி' நம் 'பெட்டி'தான்.

புத்தகத் தமிழில் குளிர்பானம், மென்பானம் என்கிறோம். 'மென்' என்பது கடுமையான மதுவிலிருந்து பிரித்துக்காட்ட ஆங்கிலத்தைப் பின்பற்றி வைத்தது. ஆனால் நம் வரலாற்றில் அந்தப் பிரிவினை வெறும் சொல்லாக இருக்கவில்லை. தோட்டங்களில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். கிள்ளானில் 1941-ல் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. நம் கண்ணெதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் கெடாவில், 1947-ல் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக எழுந்தார்கள். பீடோங் வட்டாரத் தோட்டங்களில் அதற்காகத் துன்பப்பட்டவர்கள் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்று தன் கல்யாண விருந்தில் ஆரஞ்சுப் போத்தலை எடுத்துவைத்ததென்றால், அதை வெறும் இனிப்பு நீர் என்று நான் எண்ணமாட்டேன்.

சரி, 'தண்ணி' என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். மலாயில் ஆயர் என்பது நீரையும் குறிக்கும், குடிக்கும் எதையும் குறிக்கும். அதைப் பார்த்துத்தான் நாமும் எல்லாப் பானத்தையும் தண்ணி என்கிறோம் என்பார்கள். அது ஓரளவு உண்மையே. ஆனால் முழு உண்மை அன்று. 'தண்ணீர்ப் பந்தல்' என்ற சொல் எவ்வளவு பழையது! அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கோடையிலும் திருவிழாவிலும் அந்தப் பந்தல்களில் மோரும் பானகமும் வழங்குகிறார்கள். மோர் கொடுத்தாலும் அது தண்ணீர்ப் பந்தல்தான். மோர்ப் பந்தல் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மலாய் வழக்கு அந்தப் பழைய வாசலைக் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மதுவைக் குறிக்கும் வழக்கும் நம்மிடையே இல்லாமல் இல்லை. எந்தத் தண்ணி என்பது கேட்கும் குரலிலேயே தெரிந்துவிடும்.

உறவினரிடம் இதையெல்லாம் நான் அன்று சொல்லவில்லை. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதுவரை இருக்கச் சொன்னேன். இரதம் வரும் வழியெங்கும் பந்தல்கள். தண்ணீர்மலைக்கு ஏறும் சாலையில் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு பந்தலருகே நின்றோம். பெரிய தொட்டியில் ஐஸ் மிதக்கிறது. ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் சிவந்த சிராப், இன்னொரு பக்கம் ஆரஞ்சு. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி குவளைகளை ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வந்து, "தாத்தா, என்ன தண்ணி வேணும்?" என்று கேட்டாள்.

"கலர் தண்ணி கொடும்மா" என்றார் அவர்.