புது மீன்பிடி கயாக் வாங்கியாச்சா? ஊசுட்டேரி, பாகூர் ஏரி, சுண்ணாம்பாறு... இறங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கயாக் வீட்டுக்கு வந்து இறங்கியாச்சு. துடுப்பு, ராடு, ரீல் எல்லாம் ரெடி. வில்லியனூர், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சுற்றிலும் தண்ணீர்தான். அப்போ நேரா ஏரியில இறக்கிடலாமா? கொஞ்சம் பொறுங்க. எந்தத் தண்ணீரில் இறக்கலாம் என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

கயாக் என்றால் என்ன?

வடதுருவப் பகுதி இனுயிட் மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்திய ஒல்லியான படகுதான் கயாக். மரம் அல்லது எலும்புச் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே குளிர்நீர் வராதபடி இடுப்பு வரை மூடியிருக்கும். இப்போது மீன்பிடிக்க விற்கும் கயாக் பெரும்பாலும் அந்த வகை இல்லை. மேலே உட்காரும் வகை. அலை அடித்தாலும் தண்ணீர் தளத்தில் உள்ள துளைகள் வழியாகக் கீழே வடிந்துவிடும்.

இது நமக்குப் புதுசா என்ன? நம்ம கட்டுமரமும் அப்படித்தான். தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியா ஓடிவிடும், மூழ்காது. நம்ம 'கட்டுமரம்'தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. வந்த வழியில் அர்த்தம் மாறி, இன்று இரட்டை உடல் படகைக் குறிக்கிறது.

எங்கே இறக்கலாம், எங்கே கூடாது?

புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்பு. ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறு பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. புதுச்சேரி தரப்பு 2008-லும், தமிழ்நாடு தரப்பு 2014-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்குவதோ தூண்டில் போடுவதோ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். "சும்மா ஒரு ரவுண்டு" என்று கூட வேண்டாம். வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் இன்னும் கவனம் தேவை.

இரண்டாவது பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. இது பாசன ஏரி. இது போன்ற ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமையை ஏலத்தில் விடுவது வழக்கம். குத்தகை எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். நீங்கள் பிடிக்கும் ஒரு விராலும் அவர் கணக்கில்தான் வரும். முதலில் கொம்யூன் பஞ்சாயத்திலோ, ஏரிக்கரைக் கிராமத்திலோ யார் குத்தகைதாரர் என்று கேட்டு, அவரிடமே பேசிவிடுவது நல்லது. கேட்டால் பல இடங்களில் "தூண்டில்தானே, போட்டுக்கோங்க" என்பார்கள். கேட்காமல் போட்டால்தான் வம்பு.

ஆறு என்றால் சங்கராபரணி. கடலை நெருங்கும்போது இது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடும் வழியில் நடுவில் நின்று தூண்டில் போடாதீர்கள். கரையோரம் போங்க. மீனவர் வலை மிதவைகளைக் கண்டால் சுற்றிப் போங்க.

முதல் நாள் ராடு வேண்டாம்

ஆமாம், மீன் பிடிக்கத்தான் வாங்கினீங்க. ஆனால் முதல் நாள் வெறும் கயாக்கோடு போங்க. நெஞ்சளவு ஆழம், அலையில்லாத இடம், கூட ஒருவர், உடம்பில் லைஃப் ஜாக்கெட். பின்னால் கட்டி வைக்கிற லைஃப் ஜாக்கெட் உயிரைக் காப்பாற்றாது. போட்டு, எல்லா பட்டையும் இறுக்கியிருக்கணும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான்.

அங்கே வேண்டுமென்றே கவிழுங்க. பிறகு கயாக்கை நிமிர்த்தி, அதன் நடுவில் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் எதிர் ஓரத்தைப் பிடியுங்க. கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, உடம்பு தண்ணீரில் மட்டமானதும் வயிற்றால் படகின் மேல் ஏறுங்க. அப்படியே திரும்பி இருக்கையில் உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுங்க. நேரா எழுந்து ஏறப் பார்த்தால் மறுபடி கவிழும். நாலைந்து முறை தடுமாறாமல் ஏற வந்தபிறகு ஆழமான இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கிளம்பும் முன் பின்பக்க வடிகால் மூடியைத் திருகியாச்சா என்று பாருங்க. அது திறந்திருந்தால் உள்கூட்டில் தண்ணீர் நிறைந்து, தெரியும் முன்பே படகு தள்ளாடும். தாங்கும் எடை 150 கிலோ என்று போட்டிருந்தால், ஆள், பெட்டி, ஐஸ் எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்குள் வைப்பது பாதுகாப்பு. துடுப்பைக் கயிற்றால் படகோடு இணையுங்க. மீன் நரம்பு காலில் சுற்றினால் அறுக்க, கைக்கு எட்டும் இடத்தில் சின்னக் கத்தி வேண்டும். பெடல் கயாக் என்றால் ஆகாயத்தாமரை படர்ந்த பக்கம் போகாதீங்க, விசிறியில் சிக்கும்.

காற்றைப் பொறுத்தவரை அதிகாலைதான் நல்ல நேரம். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

மழைக்காலத்தில் ஆறு பக்கமே வேண்டாம்

இங்கே மழை நின்றுவிட்டது என்பதற்காக ஆறு அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை பெருக்கெடுத்து, பாகூர் சுற்றுவட்டாரக் கிராமங்கள் வெள்ளத்தில் மிதந்தன. சங்கராபரணிக்கு இதே போல விழுப்புரம் மாவட்டத்தின் வீடூர் அணை. இந்த இரண்டு அணைகளுக்கும் எச்சரிக்கை வந்தால் கயாக் வீட்டிலேயே இருக்கட்டும். இடி சத்தம் கேட்டாலும் உடனே கரைதான். தண்ணீர் நடுவில் கையில் ராடு பிடித்து நிற்பவர்தான் உயரமான பொருள்.

கடலுக்குப் போகலாமா?

தொடக்கக்காரர் போக வேண்டாம். முகத்துவாரத்தில் கடல் நீர் வற்றும் நேரத்தில் ஆற்றோட்டமும் சேர்ந்து வெளியே இழுக்கும், துடுப்பு போட்டு ஜெயிக்க முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருவதும் தெரிந்திருக்கணும். மோட்டார் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு. பிளாஸ்டிக் கயாக்கை அதில் சேர்ப்பார்களா என்பதை நீங்களே முடிவு பண்ணாமல் மீன்வளத்துறையில் கேட்டுக்கொள்ளுங்க.

போனில் இரண்டு எண்களைச் சேமித்து, தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு மாட்டிக்கொள்ளுங்க: பொது அவசர உதவிக்கு 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554.