துண்டுச் சீட்டும் தோட்டத்து அறிவிப்பும்

கோலா தெர்லாவின் பனி விலகுமுன் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதும், ஆப்பீசு வாசற்பலகையில் அறிவிப்பு எழுதி ஒட்டுவதும் நமது உத்தியோகம். இஃது அற்பமான வேலையென்று சிலர் கருதக்கூடும். ஆயினும், தோட்டங்களின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமாயின், எழுதியவர் யார், எந்தப் பாஷையில் எழுதினார், அதைப் படித்தறிந்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளைச் சுற்றியே தொழிலாளியின் விடுதலை நின்றதென்பது விளங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிவந்தது. கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவோம் என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பார்; வேறொரு துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறுவார். எவருடைய வாழ்வு அதில் எழுதப்பட்டதோ, அவருக்கே அதைப் படிக்கத் தெரியாது! இவ்வழக்கம் 1921-ம் வருஷத்திலேதான் சட்டத்தால் ஒழிந்தது.

வாய்ச்சொல்லின் கதையும் இத்தகையதே. துரைமார் தமிழ் கற்பதற்காக 19-ம் நூற்றாண்டிலேயே இலங்கையில் ஒரு கையேடு அச்சாயிற்று. அதன் பெயர் 'இங்கே வா' என்பது. பெயரே ஏவலாக இருந்ததை நோக்குக. மேலிருந்து கட்டளை இறங்கும்; கீழிருந்து மறுமொழி ஏற வழியில்லை.

அவ்வழியைத் திறக்க முயன்றவருள் கோ. நடேசய்யர் தலைசிறந்தவர். அயலார் தோட்டத்தில் நுழைவது தடுக்கப்பட்டிருந்தபடியால், துணி வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றார். 1924-ம் வருஷத்தில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளர் துயரை அச்சில் ஏற்றினார்.

மலாயாவில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் இடந்தந்தது. 1924-ல் 'தமிழ் நேசன்', 1935-ல் 'தமிழ் முரசு' தோன்றின. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தால் பத்துப்பேர் கேட்கலாமன்றோ! 1941-ல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஆராய்வோம். கூலி உயர்வுடன், தமிழ் பேசும் உத்தியோகஸ்தர் வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் வர அனுமதி வேண்டும், பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் வேண்டும், துரைக்கு முன் சைக்கிளில் ஏறிச் செல்லத் தடை கூடாது என்பனவும் அவற்றுள் இருந்தன. மனிதனாக மதித்துப் பேசுங்கள், நாங்கள் சொல்வதையும் கேளுங்கள் என்பதே அவற்றின் சாரம். மறுமொழியாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடும், நாதனின் நாடு கடத்தலுமே. 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. அச்சங்கத்தின் 'சங்கமணி' தொழிலாளியின் குரலுக்கும் ஏடு உண்டென்று காட்டிற்று.

இவற்றையெல்லாம் கற்றறிந்த நாமே ஒருமுறை தவறினோம். விடுமுறைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும் எழுதி ஒட்டினோம், வாட்ஸப்பிலும் அனுப்பினோம். கடமை முடிந்ததென்று எண்ணினோம். கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவர், மகளின் பிரசவத்திற்குப் போக எண்ணியிருந்தவர், தேதி கடந்தபின் வந்தார். "ஐயா, பலகையில் என் பெயரையே எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாதே. பெரட்டில் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். ஆங்கிலப் படிப்பு தந்த செருக்கு அன்று நம்மைவிட்டு அகன்றது. துண்டு எழுதிய துரைக்கும் நமக்கும் அன்று என்ன வேற்றுமை?

இப்போது தமிழிலும் எழுதுகிறோம். பெரட்டில் உரக்கப் படிக்கிறோம். கேட்டவரில் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். வங்காளத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தோழர்களுக்கு அவரவர் பாஷை அறிந்தவரைக் கொண்டு சொல்லுகிறோம். ஒட்டிய காகிதத்தின் அடியில் மறுமொழிக்கு இடமும் விடுகிறோம்.

ஆப்பீசுகளில் பேனா பிடிக்கும் நண்பர்களே, நம் பாட்டன்மார் படிக்க முடியாத சீட்டுக்களால் கட்டுண்டார்கள். அவர்தம் பேரர் கையில் இன்று அந்தப் பேனா இருக்கிறது. அதனால் இன்னொரு துண்டு எழுதாதிருப்போமாக.