டெல்டான்னா காவிரி டெல்டா மட்டும் இல்ல

1/ டெல்டான்னு சொன்னா நமக்கு தஞ்சாவூர்தான் ஞாபகம் வரும். காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற தர்மபுரியில கேட்டாலும் அதே பதில்தான். நான் சொல்லப்போறது ஹெப்படைடிஸ் டெல்டா. கல்லீரல் நோய்க்கு மாத்திரை சாப்பிடுற பலர்கூட இந்தப் பேரைக் கேட்டிருக்க மாட்டாங்க.

2/ முதல்ல பி வைரஸ். 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைப் பார்த்தார். அது ஹெப்படைடிஸ் பி-யின் மேலுறைன்னு பின்னாடி தெரிஞ்சுது. லேப் ரிப்போர்ட்ல 'ஹெச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்'னு வருதே, அதேதான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு.

3/ 1977. இத்தாலியின் டூரின் நகரம். மரியோ ரிசெட்டோ என்ற மருத்துவர், பி நோயாளிகளின் கல்லீரல் செல்களில் புதுசா ஒரு ஆன்டிஜென் இருக்கிறதை வெளியிட்டார். பேரு டெல்டா. பி வைரஸோட இன்னொரு பகுதின்னுதான் முதல்ல நினைச்சாங்க.

4/ சிம்பன்சிகளில் நடந்த சோதனைகள் 1980-ல் வேற கதை சொல்லிச்சு. இது தனிக் கிருமி! ஆனா சொந்தச் சட்டை கிடையாது. பி-யோட மேலுறையைப் போட்டுக்கிட்டுத்தான் அடுத்த செல்லுக்குப் போகும். 1986-ல் மரபணுவைப் படிச்சாங்க: வட்டமான ஆர்.என்.ஏ, சுமார் 1,700 எழுத்து. அவ்வளவுதான்.

5/ ஆளு சின்னது, சேதாரம் பெருசு. ஏற்கனவே பி இருக்கிறவர் உடம்புக்குள்ள டெல்டா வந்தா பெரும்பாலும் தங்கிடும். சிரோசிஸ் பல வருஷம் முன்னாடியே வந்துடும்.

6/ இப்ப நம்ம ஊர் அத்தியாயம். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ப்ளம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட்டில் கீழாநெல்லி ஆய்வை வெளியிட்டது. 30 நாள் மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி மறைஞ்சுதுன்னு முடிவு. மருந்தில்லாத மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருத்தருக்குத்தான்.

7/ மேலுறையே போயிட்டா டெல்டாவுக்கும் சட்டை இல்லையே! ஆனா பின்னாடி வேற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கல.

8/ அப்புறம் ஏன் 'கீழாநெல்லி குடிச்சு சரியாச்சு'ன்னு ஊரே சொல்லுது? ஹெப்படைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாவே சரியாகும். பேரு மூலிகைக்கு. நாள்பட்ட பி-யும் டெல்டாவும் அப்படிப் போகாது. கண்ணுல மஞ்சளே தெரியாம உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்.

9/ எவ்வளவு பேருக்கு இருக்கு? உலக சுகாதார நிறுவனக் கணக்கில், நாள்பட்ட பி உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம். இந்தியாவில் பொதுவா கம்மின்னு சொல்வாங்க. ஆனா டெஸ்ட் எழுதினாத்தானே கணக்குல வரும்?

10/ நல்ல செய்தி: பி தடுப்பூசி போட்டா டெல்டாவும் வராது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் தடுப்பூசியை முதலில் தொடங்கினது தமிழ்நாடும் கேரளாவும். அதுக்கு முன்னாடி பிறந்த பெரியவங்கள்ல நிறைய பேர் போட்டிருக்க மாட்டாங்க.

11/ பி-க்கு டெனோஃபோவிர் சாப்பிடுறீங்க, வைரஸ் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, ஆனாலும் எஸ்.ஜி.பி.டி. இறங்கவே இல்லையா? அந்த மாத்திரை டெல்டாவை அடக்காது. உங்க டாக்டர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "சார், டெல்டா ஆன்டிபாடி பார்த்துடலாமா?"