தேரைப் படம் பிடித்தோம், அங்காடியை விட்டுவிட்டோம்

ஐப்பசி மாதம் முடிந்தால் நம் அங்கத்தினர்கள் பல ஊர்களிலிருந்தும் கல்பாத்தித் தேர்ப் படங்களை அனுப்புவது வழக்கம். தேர்கள் சங்கமிக்கும் காட்சி, விசுவநாத ஸ்வாமி கோவில் படித்துறை, கோலமிட்ட திண்ணை என்று எல்லாமே அழகான படங்கள். ஆனால் அந்தத் தேருக்கு வடக்கயிறும், கோவில் அன்னதானத்துக்கு அரிசியும், நம் அகத்துக் கல்யாணங்களுக்கு வெல்லமும் பருப்பும் எங்கிருந்து வந்தன? பாலக்காட்டு அங்காடியிலிருந்துதான். அந்த அங்காடியின் படத்தை இதுவரை ஒருவராவது அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. நானும் அனுப்பியதில்லை.

இது என் மனதில் உறைத்தது என் பழைய ஆல்பங்களைப் புரட்டியபோது. 1983 முதல் மூன்று வருஷம் உத்தியோக நிமித்தமாக அட்டப்பாடியில் அகளியில் இருந்தேன். 36 படம் எடுக்கும் கலர் பிலிம் சுருளைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த காலம். சைலன்ட் வேலி 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985 செப்டம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தியால் தொடங்கி வைக்கப்பட்டது. அதனால் எல்லோரும் காட்டையே படம் எடுத்தார்கள். என்னிடமும் மல்லீஸ்வரன் முடி இருக்கிறது, பவானி நதி இருக்கிறது, மேகம் இறங்கிய சுரம் இருக்கிறது. தினமும் டீ குடித்த அகளிக் கடைத்தெரு மட்டும் ஒரு படத்தில்கூட இல்லை.

அந்தத் தெருவில் ஒரு சரித்திரமே நடந்துகொண்டிருந்தது. 1951 ஜனத்தொகைக் கணக்கில் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய ஆதிவாசிகள். 2001இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து தமிழர்களும், மேற்கே மன்னார்க்காடு வழியாக மலையாளிகளும் வந்து குடியேறினார்கள். நிலம் எப்படிக் கைமாறியது, யார் கடை வைத்தார்கள், யார் வாசலில் நின்று வாங்கிப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கடைத்தெருவில் கண்ணெதிரே தெரிந்தது. இன்று அட்டப்பாடி தனித் தாலுகா. அகளியும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அன்று இரண்டே இரண்டு படம் எடுத்திருந்தால் அவை இன்று ஆவணம்.

இந்தத் தவறு நம் ஒருவருடையது மட்டுமல்ல, இதற்கு ஒரு நீண்ட பரம்பரையே உண்டு. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856இல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் எடுத்த மதுரை, தஞ்சை, திருச்சிப் படங்கள் 1858இல் வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளத்தில் ஒட்டினார். இன்றைக்கும் ஆச்சரியப்பட வேண்டிய காரியம். ஆனால் அவர் கவனம் பெரும்பாலும் கோவிலிலும் அரண்மனையிலுமே இருந்தது. 1956 முதல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களிலும் பெரும்பகுதி கோவில்களும் சிற்பங்களும்தான். அது மகத்தான சேவை. சந்நிதிக்கு நூறு படம் உண்டு. சந்நிதித் தெருவின் கடைக்கு ஒன்றிரண்டாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

மேல்நாட்டில் சிலர் கடைத்தெருவையும் கவனித்தார்கள். லண்டனில் பழைய வண்டிச் சத்திரம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்றதும் 1875இல் சில அன்பர்கள் சங்கம் அமைத்து, 1886 வரை சுமார் 120 படங்கள் எடுத்து வைத்தார்கள். பாரிஸில் யூஜீன் அட்ஜே என்பவர் சுமார் முப்பது வருஷம் கனமான காமிராவைச் சுமந்துகொண்டு கடை வாசல், மாடிப்படி, முற்றம் என்று எடுத்துத் தள்ளினார். 1927இல் அவர் காலமானபோது அவர் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இன்று பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் படங்களைத்தான் காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் அன்னான் 1868 முதல் 1871 வரை நெருக்கடியான சந்துகளைப் படம் எடுத்தார். அந்த வேலையைக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தச் சந்துகளை இடிப்பதற்கென்றே ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட்!

இனி நம் ஊருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய கணவாயில் அமைந்த ஊர் பாலக்காடு. கொங்குநாட்டுச் சரக்கு மலையாளக் கரைக்கு இறங்கவும், அங்கிருந்து வருவது கிழக்கே போகவும் இதுவே வாசல். அதனால்தான் ஹைதர் அலி 1766இல் இங்கே கோட்டை கட்டினார், ஆங்கிலேயர்கள் 1783இலும் 1790இலும் அதைப் பிடித்தார்கள். கோட்டையைச் சுற்றி ஊரும் வியாபாரமும் வளர்ந்தன. 1862இல் ரயில் வந்தபோது பிரதான பாதை ஊருக்கு வெளியே ஒலவக்கோடு வழியாகச் சென்றது. பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை 1932இல் டவுன் ஸ்டேஷனோடு சேர்ந்தது. அந்தப் பாதை 2008 டிசம்பரில் மூடப்பட்டு, 2015இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது.

இந்த நகரம் நம் கிராமங்களால் மட்டும் ஆனதல்ல. தமிழ் பேசும் ராவுத்தர்கள், மூத்தான் சமுதாய வியாபாரிகள், சுல்தான்பேட்டைக் கத்தோலிக்கர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது. ஜைனிமேட்டில் ஜைனர்களின் பழைய கோவில் இருக்கிறது. குமாரன் ஆசான் 1907இல் அங்கே தங்கியிருந்தபோதுதான் ‘வீணபூவு’ எழுதினார். நாம் ‘பாலக்காடு’ என்று சொல்லும்போது மனதில் வருவது அக்ரஹாரம். அது பாலக்காட்டில் ஒரு பகுதியே.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது, விட்டதைப் பிடிக்கலாம் என்று செல்போனை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே அங்காடிக்குப் போனேன். நூரணியிலிருந்து நடக்கும் தூரம்தான். ஓட்டுக்கூரை சரிந்த கடைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பல கடைகளில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. ஒரு பலசரக்குக் கடையில் மட்டும் பழைய பலகைக் கதவு இருந்தது. கடைக்காரப் பெரியவர் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் ஓர் எண். வரிசை தப்பினால் கதவு மூடாது. அதைப் படம் எடுத்தேன்.

பெரியவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்ன சாமி, ரோடு அகலம் பண்ணப் போறாளா?”

“இல்லை ராவுத்தரே, சும்மா ஞாபகத்துக்கு எடுக்கிறேன்.”

“இங்கே படம் எடுக்க வர்றவா எல்லாம் டேப்பும் கொண்டுவருவா. அதான் கேட்டேன்.”

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் இருந்தவன். நாங்களும் கட்டிடத்தைப் படம் எடுத்தது பெரும்பாலும் கோப்பில் ‘இடிக்கத்தக்கது’ என்று எழுதுவதற்காகத்தான். தாமஸ் அன்னான் கதை இங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இடிக்க வேண்டியவை இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்டில் நகராட்சிப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு பழைய கட்டிடம் இடிந்து விழுந்ததை அனைவரும் அறிவோம். எல்லாவற்றையும் நிறுத்தி வை என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் ஒரு படம் எடுத்து, அதன் கதையை எழுதி வை என்றுதான் சொல்கிறேன்.

கதையை எழுதும்போது முழுக்கதையையும் எழுத வேண்டும். கல்பாத்தித் தெருப் படத்துக்குக் கீழே நாம் ‘பாரம்பரியத் தெரு’ என்று எழுதுகிறோம். 1924 நவம்பரில் தேரோட்டச் சமயத்தில் அதே தெருவில் ஈழவ சமுதாயத்தினர் நடந்து வந்தபோது நம்மவர்கள் தடுத்தார்கள், அடித்தார்கள். பொது வழிகளில் யாரும் நடக்கலாம் என்று சென்னை அரசாங்கம் அந்த வருஷமே ஆணையிட்டிருந்தும் இது நடந்தது. அதன்பின் சிலர் ஆர்ய சமாஜத்தில் சேர்ந்து அந்தத் தெருவில் நடக்கும் உரிமையைக் கோரினார்கள். நம் பெரியவர்களிடம் எனக்குப் பக்தி உண்டு. ஆனாலும் இதை மறைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது. அங்காடியில் எல்லோரும் நடந்தார்கள். அதைப் படம் எடுக்க இதுவும் ஒரு காரணம்.

படம் எடுப்போருக்கு, விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. என் 1980களின் கலர்ப் படங்கள் இருட்டான பெட்டியில் இருந்தும் சிவந்துபோயின. கலர்ப் படத்தில் உள்ளவை சாயங்கள். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளியின் நுண்துகள். நன்றாகக் கழுவிய படம் நூறு வருஷம் தாங்கும். ஆகவே கலர்ப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். செல்போன் தொலைந்தால் படமும் தொலையும். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தத் தெரு, எந்தத் தேதி, யார் கடை, எத்திசை நோக்கி எடுத்தது என்று எழுதி வைப்பது. விவரம் இல்லாத படத்தைப் பேரன் எறிந்துவிடுவான், அவன்மேல் குற்றம் இல்லை.

எடுக்க முடியாதவர்கள் தேடலாம். என் தமக்கையின் 1964ஆம் வருஷக் கல்யாண ஆல்பத்தில் ஜானவாசப் படம் ஒன்று இருக்கிறது. அத்தனை வருஷமும் மாப்பிள்ளையையும் நாதஸ்வரத்தையும்தான் பார்த்தோம். அங்காடியிலிருந்து வந்தபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காருக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மூடிய பலகைக் கதவு ஒன்று தெரிகிறது. பக்கத்தில் பாதிப் பெயர்ப்பலகை. திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து நம் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் யாரென்று சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் இல்லை.

மும்பையிலும் டில்லியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அங்கத்தினர்களே, உங்கள் அகத்து ஆல்பங்களிலும் இப்படி ஓரத்தில் ஒரு தெரு நின்றுகொண்டிருக்கும். பெட்டியைத் திறந்து பாருங்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தேருக்கு வரும்போது அரை மணி முன்னதாகக் கிளம்பி, அங்காடி வழியாக நடந்து வாருங்கள்.